சங்கிலிப் பட்டை, அலைப் பட்டை: இரண்டாம் உலகப் போரின் ரிசர்வ் கடற்படை அதிகாரிகள்

ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜீப்பை விட்டு இறங்கும் இன்ஸ்பெக்டரின் தோளில் மூன்று நட்சத்திரம் இருக்கும். பந்தோபஸ்தைப் பார்க்க வரும் டி.எஸ்.பி.யின் தோளிலும் அதே மூன்று நட்சத்திரம்தான். அப்புறம் யார் யாருக்கு சல்யூட் அடிப்பது? உற்றுப் பார்த்தால் இன்ஸ்பெக்டரின் தோள்பட்டை ஓரத்தில் சிவப்பும் நீலமும் சேர்ந்த ஒரு சின்ன ரிப்பன் தெரியும். டி.எஸ்.பி.க்கு அது இருக்காது. ஒரு விரல் அகலம் ரிப்பன், அவ்வளவுதான். ஆனால் டிபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு விரல் அகலத்துக்குள் எல்லாமே அடக்கம்.

இதே மாதிரி ஒரு சின்ன வித்தியாசம் கடற்படையிலும் இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் இருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், காய்கறி மார்க்கெட் ஊரில் கடற்படைக் கதை எதற்கு என்று கேட்கலாம். இது கப்பலைப் பற்றிய கதை என்பதை விட, "நீ உண்மையான ஆள் இல்லை, தற்காலிகம்தான்" என்று சட்டைக் கையிலேயே எழுதி அனுப்பப்பட்ட மனிதர்களைப் பற்றிய கதை. தற்காலிகப் பணியாளர், ஒப்பந்த ஆசிரியர், கெஸ்ட் லெக்சரர் என்ற வார்த்தைகளை எல்லாம் தினமும் கேட்கும் ஊர்களுக்கு இது அன்னியமான கதை இல்லை.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

கடற்படை அதிகாரியின் ரேங்கை நட்சத்திரத்தை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. கருநீலக் கோட்டின் கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, தங்கச் சரிகைப் பட்டையாக அது தைக்கப்பட்டிருக்கும். ஒரு பட்டை என்றால் சப் லெப்டினென்ட், இரண்டு என்றால் லெப்டினென்ட். இரண்டு பட்டைக்கு நடுவே மெல்லிசாக இன்னொன்று ஓடினால் லெப்டினென்ட் கமாண்டர் ("இரண்டரைப் பட்டை" என்றே சொல்வார்கள்). மூன்று பட்டை கமாண்டர், நான்கு பட்டை கேப்டன். எல்லாவற்றிலும் மேலே இருக்கும் பட்டையில் மட்டும் ஒரு வளையம் இருக்கும். பிரிட்டிஷ் கடற்படை 1856ல் இந்த வளையத்தைக் கொண்டு வந்தபோது கப்பலை நடத்தும் அதிகாரிகளுக்கு மட்டுமே கொடுத்தது. என்ஜினியருக்கும் டாக்டருக்கும் கணக்கருக்கும் கிடையாது. அவர்கள் முதல் உலகப் போர் வரை காத்திருந்துதான் அந்த வளையத்தை வாங்கினார்கள். ஒரு நூல் சுழிக்கு அறுபது வருஷம்!

வெள்ளை உடுப்பு போடும் வெயில் நாடுகளில் இதே பட்டைகள் கையில் இருந்து தோளுக்கு ஏறிவிடும். கறுப்பு நிறத்தில் பலகை மாதிரி விறைப்பான ஒரு தோள்பட்டை, அதன் மேல் சரிகை. பம்பாயிலும் கராச்சியிலும் எடுத்த பழைய போட்டோக்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்க முடியும்.

பட்டைகளுக்கு நடுவே அந்தக் காலத்தில் வண்ணத் துணியும் இருந்தது. என்ஜினியருக்கு ஊதா, டாக்டருக்குச் சிவப்பு, கணக்குப் பிரிவுக்கு வெள்ளை. இந்த ஊதா நிறம் பற்றி மரைன் என்ஜினியரிங் மாணவர்கள் மத்தியில் காலங்காலமாகச் சுற்றும் ஒரு கதை உண்டு. டைட்டானிக் மூழ்கியபோது கடைசிவரை எந்திர அறையை விட்டு வராமல் உயிர்விட்ட என்ஜினியர்களின் நினைவாக, இங்கிலாந்து மன்னர் ஊதா நிறத்தைக் கொடுத்தார் என்று சொல்வார்கள். கேட்க உருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை என்ஜினியர்கள் ஊதாவை அணிய ஆரம்பித்தது 1863ல். டைட்டானிக் மூழ்கியது 1912ல். கணக்கு இடிக்கிறது :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். போர் இல்லாத காலத்தில் பெரிய கடற்படையை வைத்துச் சோறு போட எந்த அரசாங்கத்துக்கும் கட்டுப்படியாகாது. போர் வந்துவிட்டால் ஆள் போதாது. அதனால் பிரிட்டன் இரண்டு ரிசர்வ் படைகளை உருவாக்கி வைத்தது.

முதலாவது ராயல் நேவல் ரிசர்வ். 1859ம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. சரக்குக் கப்பலிலும் பயணிகள் கப்பலிலும் வேலை செய்யும் தொழில்முறைக் கடலோடிகள் இதில் பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள், போர் என்றால் கூப்பிடுவார்கள். டைட்டானிக்கின் கேப்டன் ஸ்மித் இந்த ரிசர்வைச் சேர்ந்தவர்தான். இவர்களுக்கு நேரான பட்டை கிடையாது. இரண்டு மெல்லிய சரிகைகளை ஒன்றோடொன்று பின்னி, சங்கிலி போலத் தெரியும் பட்டையைக் கொடுத்தார்கள். மேலே இருக்கும் வளையமும் வட்டமாக இல்லாமல் நட்சத்திரம் மாதிரி பின்னலாக இருக்கும்.

இரண்டாவது ராயல் நேவல் வாலன்டியர் ரிசர்வ், அதாவது தன்னார்வ ரிசர்வ். 1903ல் தொடங்கியது. வக்கீல், வங்கி குமாஸ்தா, வாத்தியார், பத்திரிகைக்காரர் என்று கடல் தொழிலுக்கே சம்பந்தம் இல்லாதவர்கள் சேரும் படை. இவர்களின் பட்டை பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி நெளிநெளியாக இருக்கும். இதனால் இவர்களுக்கு 'வேவி நேவி' என்றே பெயர் வந்துவிட்டது. பட்டம் கொடுத்ததில் பாதி செல்லம், பாதி கிண்டல்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு ஜோக் பிரபலம். ரிசர்வ்காரன் கனவான் ஆகப் பார்க்கும் மாலுமி, தன்னார்வக்காரன் மாலுமி ஆகப் பார்க்கும் கனவான், நிரந்தரப் படைக்காரன் இரண்டுமாக இல்லாமல் இரண்டுமாகவும் ஆகப் பார்ப்பவன். யார் கிளப்பிவிட்டதோ தெரியாது, நிச்சயம் நேர்ப்பட்டைக்காரர் இல்லை.

ஏன் இந்தப் பிரிவினை? நிரந்தரப் படை அதிகாரி பதின்மூன்று வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்து, அதே உலகத்தில் வளர்ந்தவர். நேற்று வரை ஆபீஸில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்று மாதப் பயிற்சியில் அதே இரண்டு பட்டையோடு பக்கத்தில் வந்து நிற்பதை ஏற்றுக்கொள்ள மனசு வராதுதானே. பார்த்தவுடன் இவர் யார் என்று தெரிய வேண்டும். அதற்கு சரிகை உதவியது. இன்னும் அதிகாரி ஆகாத மிட்ஷிப்மேன் பையன்களின் காலரில் வைக்கும் துண்டுத் துணியில்கூட நிரந்தரப் படைக்கு வெள்ளை, ரிசர்வுக்கு நீலம், தன்னார்வத்துக்கு அரக்குச் சிவப்பு என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

ஆனால் போர் வேறு மாதிரி கணக்குப் போட்டது. 1939ல் இருந்து 1945க்குள் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தேவைப்பட்ட அதிகாரிகளைத் தர பதின்மூன்று வயதுப் பள்ளியால் முடியுமா? சிறு போர்ப் படகுகள், கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள், தரையிறக்கும் படகுகள் என்று எதை எடுத்தாலும் நெளிப் பட்டைக்காரர்கள்தான் நின்றார்கள். ஜேம்ஸ் பாண்டை எழுதிய இயான் ஃபிளெமிங் இந்தப் படையில் கமாண்டர் ரேங்கில் உளவுப் பிரிவில் வேலை பார்த்தவர். தங்கச் சரிகைக்குத் தட்டுப்பாடு வந்து, கையைச் சுற்றி முழுவதும் தைக்காமல் வெளிப்பக்கம் தெரியும் பாதிக்கு மட்டும் தைத்தால் போதும் என்று உத்தரவு போட்ட காலம் அது. நேரோ நெளியோ, எல்லாப் பட்டையும் பாதியானது.

இந்தியாவில் என்ன நடந்தது?

இங்கே ராயல் இந்தியன் மரைன் என்று இருந்ததைத்தான் 1934ல் ராயல் இந்தியன் நேவி என்று மாற்றினார்கள். 1939ல் போர் தொடங்கும்போது இந்தக் கடற்படையில் இருந்தவை 8 போர்க்கப்பல்கள். அதிகாரிகள் 114 பேர், மாலுமிகள் 1732 பேர். அந்த 114 பேரிலும் பெரும்பாலோர் ஆங்கிலேயர். இந்தியருக்கு முதன்முதலில் அதிகாரிப் பதவி கிடைத்ததே 1928ல்தான். அவர் பெயர் டி.என். முகர்ஜி. என்ஜினியர், அதாவது ஊதாக்காரர். ஆறே வருஷத்தில், 1945ல், இந்தக் குட்டிக் கடற்படை 117 போர்க்கலங்களும் 30,000 பேரும் கொண்டதாக வீங்கிவிட்டது. அத்தனை கப்பலுக்கும் அதிகாரி எங்கிருந்து வருவார்? பிரிட்டனின் அதே வழிதான். ராயல் இந்தியன் நேவல் ரிசர்வ், ராயல் இந்தியன் நேவல் வாலன்டியர் ரிசர்வ் என்று இரண்டு படைகள். அதே சங்கிலிப் பட்டை, அதே அலைப் பட்டை. 1939லேயே இந்த ரிசர்வ் படைகளின் ஒழுங்குக்கென்று தனிச் சட்டமும் வந்துவிட்டது.

சங்கிலிப் பட்டைக்காரர்களில் நம் பக்கத்து ஆள் ஒருவர் உண்டு. ராம்தாஸ் கட்டாரி. 1911ல் செங்கல்பட்டில் பிறந்தவர். 1927ல் பம்பாயில் டஃப்ரின் என்ற பயிற்சிக் கப்பலை ஆரம்பித்தபோது அதன் முதல் செட் மாணவர்களில் ஒருவர். படிப்பு முடித்தபோது வைஸ்ராயின் தங்கப் பதக்கம் வாங்கினார். டஃப்ரின் போர்க்கப்பலுக்கு ஆள் தயாரிக்கவில்லை, வணிகக் கப்பலுக்குத்தான் தயாரித்தது. கட்டாரி கல்கத்தாவில் ஹூக்ளி நதியை அளக்கும் வேலைக்குப் போனார். அந்த நதியின் மணல் திட்டுகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆழம் அளந்து படம் வரைந்து கொடுக்காவிட்டால் கல்கத்தாத் துறைமுகத்துக்கு ஒரு கப்பலும் வர முடியாது. பத்து வருஷத்துக்குப் பக்கமாக அந்தச் சேற்று நீரில் வேலை பார்த்தவரை, 1939ல் போர் வந்ததும் ரிசர்வ் அதிகாரியாகக் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு 28 வயது. கையில் பின்னல் சரிகை. பிறகு போரின்போதே நிரந்தரப் படைக்கு மாற்றப்பட்டார். பின்னல் போய் நேர்ப்பட்டை வந்தது.

இந்தியக் கடற்படையின் இரண்டாம் உலகப் போர்க் கதைகளில் மிகவும் பிரபலமான சண்டையை நடத்தியதும் ஒரு சங்கிலிப் பட்டைக்காரர்தான். 1942 நவம்பர் 11. ஆஸ்திரேலியாவில் புதிதாகக் கட்டி, இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தது 'பெங்கால்' என்ற சின்னக் கப்பல். எழுநூறு டன்கூடத் தேறாது. ஒரே ஒரு சிறிய பீரங்கி. கூட வந்தது 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பல். கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிரே வந்தன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல், 140 மில்லிமீட்டர் பீரங்கிகளோடு. பெங்காலின் தலைவர் லெப்டினென்ட் கமாண்டர் வில்சன். இந்திய ரிசர்வ் படையைச் சேர்ந்த ஆங்கிலேயர். எண்ணெய்க் கப்பலைத் தப்பிக்கச் சொல்லிவிட்டு, தன் கப்பலை நேராக எதிரியின் பக்கம் திருப்பினார். எறும்பு யானையை மறிக்கிற மாதிரி. சண்டையில் 'ஹோகோகு மாரு' என்ற ஜப்பானியக் கப்பல் தீப்பிடித்து வெடித்து மூழ்கியது. மூழ்கடித்தது பெங்காலின் குண்டா, ஒண்டினாவின் குண்டா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. குண்டுகள் தீர்ந்துபோகும் நிலையில் பெங்கால் விலகி டியேகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. ஒண்டினா கேப்டனை இழந்து, பலத்த அடி வாங்கி, மாலுமிகள் படகில் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி, ஒருவழியாக ஆஸ்திரேலியா திரும்பியது. வில்சனின் கையில் இருந்த பின்னல் சரிகையை அன்றைக்கு யாரும் குறைவாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அலைப் பட்டைக்காரர்கள் கதை இன்னும் சுவாரஸ்யம். இந்தியாவில் பிரிட்டிஷ் கம்பெனிகளில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களும், படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த அல்லது சின்ன வேலையில் இருந்த இந்திய இளைஞர்களும் இதில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். சமாதான காலத்தில் இந்தியருக்குக் கடற்படை அதிகாரி வேலை குதிரைக் கொம்பு. போர் வந்துதான் கதவு திறந்தது. அதுவும் பின்பக்கக் கதவு. சர்தாரிலால் மத்ரதாஸ் நந்தா என்ற இளைஞர் கராச்சித் துறைமுகத்தை ஒட்டிய மனோரா தீவில் வளர்ந்தவர், துறைமுக நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். 1941ல் தன்னார்வ ரிசர்வில் சேர்ந்து நெளிப் பட்டை வாங்கினார். ஆஸ்கர் ஸ்டான்லி டாசன் என்ற இன்னொரு இளைஞரும் இதே வழியில் உள்ளே வந்தார். பர்மாவின் அரக்கான் கரையில் சதுப்பு நிலமும் கழிமுகமுமாக இருந்த இடங்களில் ஜப்பானியரோடு மல்லுக்கட்டிய மோட்டார் படகுகளில் இந்திய ரிசர்வ் அதிகாரிகள் நிறைய பேர் இருந்தார்கள்.

ஒரே பட்டைக்கு ஒரே மரியாதை கிடைத்ததா? சட்டப்படி, கப்பல் மேல்தளத்தில், கிடைத்தது. இரண்டு பட்டை இந்தியருக்கு ஒரு பட்டை வெள்ளைக்காரர் சல்யூட் அடித்தே ஆக வேண்டும். கரையில் இறங்கினால் கதை வேறு. பம்பாயின் பெயர்பெற்ற கிளப்புகள் சிலவற்றில் இந்தியருக்கு அனுமதியே கிடையாது, சரிகை இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. ஆக இந்திய ரிசர்வ் அதிகாரி இரண்டு விதத்தில் "முழு ஆள் இல்லை". ஒன்று கையில் தெரிந்தது, இன்னொன்று முகத்தில்.

உடுப்பைப் பற்றிப் பேசும்போது பெண்களை விடக்கூடாது. பிரிட்டனின் பெண்கள் கடற்படைப் பிரிவில் அதிகாரிகளுக்குத் தங்கம் இல்லை, நீலப் பட்டை. வட்ட வளையத்துக்குப் பதில் வைர வடிவம். இந்தியாவிலும் போர்க்காலத்தில் பெண்கள் பிரிவு வந்தது. 1945 ஜூனில் அதன் செகண்ட் ஆபீசர் கல்யாணி சென், தன் மேலதிகாரி மார்கரெட் கூப்பரோடு ஸ்காட்லாந்தின் ரோசைத் தளத்துக்குப் போனபோது எடுத்த படம் பிரபலமானது. பிரிட்டனுக்குப் போன முதல் இந்தியப் படைப் பெண் அவர். சீருடை என்ன? புடவை! அட்மிரால்டியின் நூறு வருஷ உடுப்பு விதிப் புத்தகத்தில் முந்தானைக்கு எந்தப் பக்கம் இருந்ததோ.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே நிரந்தரக் கடற்படையே கிடையாது. 1938ல் ஆரம்பித்த தன்னார்வக் கடற்படை ஒன்றுதான் இருந்தது. போரில் அது பிரிட்டிஷ் கடற்படையின் கீழ் போய், 1943ல் சிலோன் ராயல் நேவல் வாலன்டியர் ரிசர்வ் ஆனது. கொழும்பு, திருகோணமலைத் துறைமுக வாசல்களில் கண்ணிவெடி வாரினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் இந்த இரண்டு ஊரையும் குண்டு வீசித் தாக்கியதை நினைத்தால் அது எவ்வளவு சூடான இடம் என்பது புரியும். 1950ல் ராயல் சிலோன் நேவி பிறந்தபோது இந்த நெளிப் பட்டைக்காரர்கள்தான் அதன் முதல் ஆட்கள். போர்க்காலத் தன்னார்வப் படையில் இருந்து வந்த யாழ்ப்பாணத் தமிழரான ராஜன் கதிர்காமர் 1960ல் இருந்து 1970 வரை இலங்கைக் கடற்படையின் தலைவராக இருந்தார். பின்னாளில் வெளியுறவு அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணன்.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. உடனே ஆள்குறைப்பு. தற்காலிகம் என்று எழுதியிருந்தது சட்டைக் கையில் மட்டும் இல்லையே, நியமன உத்தரவிலும்தானே. ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1946 பிப்ரவரி 18ல் பம்பாயின் 'தல்வார்' தளத்தில் மாலுமிகளின் கிளர்ச்சி வெடித்தபோது, மோசமான சாப்பாடு, வெள்ளைக்கார மாலுமியோடு ஒப்பிட்டால் குறைந்த சம்பளம், அதிகாரிகளின் வசவு இவற்றோடு, நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயமும் சேர்ந்திருந்தது. சென்னையில் இருந்த 'அடையாறு' தளத்திலும் அது எதிரொலித்தது. அந்தக் கிளர்ச்சியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட இந்திய ரிசர்வ் அதிகாரிகளின் நிலைமையைப் பற்றி அந்த அளவு எழுதப்படவில்லை. மேலே இருந்தவர்களுக்கு அவர்கள் இந்தியர், கீழே இருந்தவர்களுக்கு அவர்கள் அதிகாரிகள்.

எல்லோரும் போய்விடவில்லை. சிலரைத் தேர்வு செய்து நிரந்தரப் படைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1947ல் சுதந்திரமும் பிரிவினையும் வந்தபோது கப்பல்கள் இருந்தன, அனுபவமுள்ள இந்திய அதிகாரிகள் மிகவும் குறைவு. சுதந்திர இந்தியாவின் கடற்படைக்கு 1958 வரை அடுத்தடுத்து நான்கு ஆங்கிலேயர்களே தலைமை தாங்கினார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1950 ஜனவரி 26ல் குடியரசானபோது தொப்பியில் இருந்த கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. கையில் சரிகையும் வளையமும் அப்படியே இருந்தன. பிரிட்டனோ 1950களின் தொடக்கத்திலேயே நெளிப் பட்டையைக் கைவிட்டு, எல்லோருக்கும் நேர்ப்பட்டை, ரிசர்வ்காரர்களுக்கு வளையத்துக்குள் ஒரே ஒரு எழுத்து என்று முடித்துக்கொண்டது. 1958ல் இரண்டு ரிசர்வ்களையும் ஒன்றாக்கிவிட்டது.

அதே 1958ல், ஏப்ரல் 22ம் தேதி, இந்தியக் கடற்படைக்கு முதல் இந்தியத் தளபதி வந்தார். ஹூக்ளியில் சேறு அளந்த ராம்தாஸ் கட்டாரி! 1970ல் நந்தா தளபதியானார். 1971 டிசம்பர் போரில் அவர் அனுப்பிய ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கின. அவர் வளர்ந்த மனோரா அந்தத் துறைமுகத்தின் வாசலில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் எண்ணெய்த் தொட்டி, எந்தப் பக்கம் கலங்கரை விளக்கம் என்று அவருக்கு யாரும் வரைபடம் விரித்துக் காட்டியிருக்கத் தேவையில்லை. 1982ல் டாசன் தளபதியாகி 1984 நவம்பர் வரை இருந்தார். அவருக்குப் பின்னால் வந்த தளபதிகள் எல்லோரும் போர் முடிந்த பிறகு சேர்ந்தவர்கள், ஆரம்பத்தில் இருந்தே நேர்ப்பட்டைக்காரர்கள்.